கேமரா வாங்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைத் திறங்கள்

முதல் கேமரா வாங்குகிறவர் கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். பழையதை மாற்றுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தனக்கு எது தேவை என்பது அவர் ஏற்கெனவே எடுத்த படங்களுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எழுதியிருக்கிறது. எந்த ஜூம் அளவில் எடுத்தோம், அப்பர்ச்சர் என்ன, ஐஎஸ்ஓ எவ்வளவு, ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருந்தது என எல்லாமே டிஜிட்டல் படத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கும் ஃபோல்டரை ‘டீடெய்ல்ஸ்’ தோற்றத்துக்கு மாற்றி, மேலே உள்ள தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து ‘ஃபோகல் லெங்த்’ (ஜூம் அளவு) என்பதைச் சேர்த்தால் போதும். படங்களை அந்த வரிசைப்படி அடுக்கிப் பார்க்கலாம்.

நாகர்கோவிலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். எங்கள் வீட்டு டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் உழைத்து ஓய்ந்தபோது, வீட்டுக்காரர் யூடியூபில் விமர்சன வீடியோக்களுக்குள் போய்விட்டார். நான் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன்.

கேமராவோடு வந்த 18-55 எம்எம் லென்ஸில் எடுத்த படங்கள் இரண்டே குவியலாகக் கிடந்தன. 18-இல் ஒரு குவியல்: கன்னியாகுமரிக் கடல் முன்னே குடும்பம், தஞ்சைப் பெரிய கோயில் விமானம், பத்மநாபபுரம் அரண்மனையின் மர மண்டபங்கள். 55-இல் இன்னொன்று. அதில் பெரும்பாலும் பிள்ளைகளின் முகம். நடுவே ஏறக்குறைய வெற்றிடம். பயணம் தவறாமல் தோளில் சுமந்த பெரிய ஜூம் லென்ஸ் பள்ளி ஆண்டு விழாக்களைத் தவிர பையை விட்டு வெளியே வந்ததாகவே தெரியவில்லை.

அடுத்து, பகலில் வெளியே எடுத்தவற்றை என் போன் படங்களோடு சேர்த்து ஏ4 அளவில் அச்செடுத்துப் பார்த்தேன். எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆக, நல்ல வெயிலில் கோபுரம் எடுக்க இன்னொரு கேமரா எதற்கு? போன் திணறும் இடத்துக்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த இடம் மகளின் பரதநாட்டிய மேடை. ஐஎஸ்ஓ 6400, அப்பர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/60 நொடி. முகம் தெளிவாக இருக்கிறது, கை மட்டும் புகையாகக் கரைந்திருக்கிறது. அசையும் கையை நிறுத்த 1/250 நொடியாவது வேண்டும். அதாவது நான்கில் ஒரு பங்கு நேரத்தில் அதே வெளிச்சம் உள்ளே வர வேண்டும். எஃப் எண் பாதியானால் லென்ஸின் திறப்பு விட்டம் இரண்டு மடங்காகும், பரப்பு நான்கு மடங்காகும். எஃப் 5.6 இருந்த இடத்தில் எஃப் 2.8 வந்தால் கணக்குச் சரி. நான் தேடியது உண்மையில் கேமராவை அல்ல, ஒரு லென்ஸை என்று அப்போதுதான் தெரிந்தது.

கடையில் இதை யாரும் கேட்கவில்லை. “மேடம், எத்தனை மெகாபிக்சல் பார்க்குறீங்க?” என்றுதான் ஆரம்பித்தார்கள். கல்யாண ஆல்பத்தின் 12-க்கு 18 அங்குலப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிறைக்க 19 மெகாபிக்சல் சொச்சம் போதும். இன்றைய சாதாரண மாடலே 24 தருகிறது. அதிலும் பாதிப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுருங்கிப் போகப்போகிறவை.

பார்க்க வேண்டியது, வெளிச்சத்தை வாங்கும் சென்சாரின் பரப்பு. ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி என்பது 23.5-க்கு 15.6 அளவில் வரும். சட்டைப் பைக்குள் போகிற நல்ல காம்பாக்ட்களில் இருக்கும் ‘ஒரு அங்குல’ சென்சார் 13.2-க்கு 8.8தான், ஏபிஎஸ்-சியில் மூன்றில் ஒரு பங்கு. சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பு 302 கிராமில், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 200 எம்எம் வரை எட்டும், ஊர் சுற்றுகிறவர்களுக்கு அருமையான சாமான். ஆனால் ஜூமின் கடைசியில் அது எஃப் 4.5. மேடை விளக்குக்குப் போதாது. நிலாவின் பள்ளங்களையே காட்டும் நிக்கான் பி1000-ஐ என் தம்பி சிபாரிசு செய்தான். 1,415 கிராம் எடை, சென்சாரோ பழைய போன்களில் இருந்த அளவு. நிலா எங்கேயும் போய்விடாது, பிள்ளைகள்தான் வளர்ந்துவிடுவார்கள்.

ஃபுல் ஃபிரேம் ஆசை வீட்டுக்காரருக்கு. சோனி ஏ7 நான்காம் பதிப்பு 658 கிராம், அதற்கான 24-70 எஃப் 2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பு லென்ஸ் 695 கிராம். இந்த ஒன்றேகால் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை யார் தூக்குவது என்ற கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாங்கியது ஏபிஎஸ்-சி சென்சாரோடு 2019-இல் வந்த சோனி ஏ6400, செகண்ட் ஹேண்டில். அதோடு புதிதாக சிக்மா 18-50 எம்எம் எஃப் 2.8. இரண்டும் சேர்ந்து 700 கிராமுக்குள். என் இரண்டு குவியல்களும் ஏறக்குறைய இந்த ஒரே லென்ஸில் அடங்கின. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் ஓடுகிற பையனையும் விடுவதில்லை. திரை மேலே திரும்பி முன்பக்கம் பார்க்கும் என்பதால், பழைய ஆல்பங்களில் அநேகமாகக் காணாமல் போயிருந்த நானும் இப்போது படத்தில் இருக்கிறேன்.

இதில் ஸ்டெபிலைசேஷன் இல்லை, பாடியிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. அது என் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஆடுகிறவளின் கையை நிறுத்தாது. பத்மநாபபுரம் போன்ற இருண்ட உள்ளறைகளையே அதிகம் எடுப்பவர் அதை விடக் கூடாது. எனக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தூண் போதும்.

நல்ல பழைய லென்ஸ்கள் கையில் இருந்தால் கணக்கு மாறும். கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் அதன் புதிய மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகளுக்கு அந்த வசதி உண்டு, பழைய ஏஎஃப்-டிக்கு இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து, சிலந்தி வலை போல் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். எங்கள் பக்கத்துக் கடற்காற்றில் கேமராவைத் தோல் பையில் மூடி பீரோவில் வைப்பது பூஞ்சைக்கு வைக்கிற விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி ஈரம் போக்க வேண்டும். பேட்டரி இன்னொன்று அவசியம். ஏ6400-க்கு ஒரு சார்ஜில் 410 படம் என்பதே கம்பெனிக் கணக்கு. விமானத்தில் போவதென்றால் அந்த உபரி பேட்டரி கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் அதை வைக்க அனுமதியில்லை.