கண்ணா, காதா, கையா?

இயங்கலைப் பாடம் தயாரிக்கும் மலாக்காத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவன்று.

ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்: பார்த்துக் கற்கும் பிள்ளை உண்டு, கேட்டுக் கற்கும் பிள்ளை உண்டு, கையால் செய்து கற்கும் பிள்ளை உண்டு. கற்றல் பாணி என்ற தலைப்பு கல்வி உளவியலில் கட்டாயம் வரும். ‘பல்வகை நுண்ணறிவு’ என்று நாள்பாடத் திட்டத்தில் எழுதிப் பழகிய கை நம் ஆசிரியர்களுடையது. பாடம் வெண்பலகையிலிருந்து திறன்பேசிக்கு இறங்கியபோது இந்த நம்பிக்கையும் கூடவே இறங்கியது. ஒரே பாடத்துக்குப் பார்ப்பவருக்கு ஒரு காணொலி, கேட்பவருக்கு ஒரு குரல் பதிவு, செய்பவருக்கு ஒரு செயல்பாடு. அவரவர் பாணிக்கு அவரவர் பாடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆய்வுகள்தான் இதற்குச் சாட்சி சொல்ல மறுக்கின்றன.

ஓர் ஆசிரியர், பல வகுப்பு

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பட்டணத்துக்குள் கூபு, சற்றுத் தள்ளிப் பாயா ரும்புட், அலோர் காஜா பக்கம் போனால் பூலாவ் செபாங், ஜாசின் பக்கம் போனால் மெர்லிமாவ். பல பள்ளிகளின் பெயரில் இன்னும் ‘தோட்டம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பரை முதலில் நட்ட டான் சே யான், 1896இல் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் இங்குள்ள புக்கிட் லிந்தாங். இன்று அங்கேயும் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். சட்டத்துக்காக எழுந்த அந்தப் பள்ளிகளில் கிராணியோ கங்காணியோகூட ஆசிரியராக நின்றதுண்டு. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள். நூறாண்டு கழிந்தும் அந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் இருந்தவர்கள் தாமான்களுக்கும், பத்து பெரண்டாம், தஞ்சோங் கிளிங் தொழிற்பேட்டைகளுக்கு அருகிலும் குடிபெயர்ந்தார்கள். தோட்டப் பள்ளிகளில் எண்ணிக்கை சுருங்கியது. 150 மாணவருக்குக் கீழே போனால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’; 30க்கும் கீழே போனால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்தும் நிலை வரும்.

அன்றும் இன்றும் நம் பள்ளிகளில் அரிதான பொருள் ஆசிரியரின் நேரம். இயங்கலைப் பாடத் திட்டம் எதுவானாலும், அது அந்த நேரத்தை எப்படிச் செலவழிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு வீடு, ஒரு திறன்பேசி

கோவிட் தொற்றால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியுமே இல்லை என்று தெரிந்தது. இருந்தவர்களிலும் பெரும்பாலோர் கையில் இருந்தது திறன்பேசி. மடிக்கணினி வைத்திருந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த ஜூனில் ‘டெலிமா’ தளம் வந்தது. 2021 பிப்ரவரியில் ‘டிடிக் டிவி’ ஒளிபரப்பு தொடங்கியது. 500 பள்ளிகளுக்கு 1,50,000 கருவிகள் என்ற ‘செர்டிக்’ திட்டமும் அறிவிக்கப்பட்டது. இல்லிருப்புக் கற்றலுக்கு அமைச்சு வெளியிட்ட கையேடு மூன்று வழிகளை ஒப்புக்கொண்டது: இணையத்தோடு, இணையம் இல்லாமல், பள்ளிக்கு வெளியே தனித்து. கையேட்டில் மிகவும் நடைமுறைக்கு ஒத்த பகுதி இதுதான். அப்பாவோடு வேலைக்குப் போகும் திறன்பேசி இரவில்தான் வீடு திரும்பும் என்பதை அது உணர்ந்திருந்தது.

தொற்று அடங்கிவிட்டது, இயங்கலைக் கற்றல் நிலைத்துவிட்டது. வெள்ளமோ புகைமூட்டமோ வந்து பள்ளி மூடப்பட்டால் பாடம் மறுபடியும் வீட்டுக்குத்தான் போகிறது. அதனால் அந்தப் பாடம் எப்படி அமைய வேண்டும் என்ற கேள்வி இன்னும் பழையதாகவில்லை.

71 கோட்பாடுகள், சான்று குறைவு

கற்றல் பாணிக் கோட்பாடு ஒன்றல்ல. 1984இல் டேவிட் கோல்ப் அனுபவச் சுழற்சியை வைத்துக் கற்பவரை நான்காகப் பிரித்தார். பொறியியல் மாணவர்களை எண்ணி 1988இல் ஃபெல்டரும் சில்வர்மனும் வகுத்த பிரிவைத்தான் இயங்கலைத் தளங்களை வடிவமைப்பவர்கள் இன்றும் மிகுதியாக எடுத்தாளுகிறார்கள். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங், பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என்று நான்கு வகை சொன்னார். இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் 2004இல் தேடிப் பார்த்தபோது கிடைத்த கோட்பாடுகள் 71. அவற்றில் 13ஐ நுணுகி ஆராய்ந்த அவர்கள், வகுப்பறையில் நம்பிப் பயன்படுத்தத் தக்கவை மிகக் குறைவு என்று எழுதினார்கள்.

2008இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் நேரடியாக ஒரு கேள்வி கேட்டார்கள். ‘பார்ப்பவருக்கு’ப் படத்தால் கற்பித்தால் அதிகம் கற்கிறாரா, ‘கேட்பவருக்கு’ ஒலியால் கற்பித்தால் அதிகம் கற்கிறாரா? இரண்டும் ஒருசேர நிரூபணமானால்தான் பாணிக்கேற்ற பாடத்துக்குப் பொருள் உண்டு. அப்படி முறையாகச் சோதித்த ஆய்வுகளே சொற்பம். அவற்றிலும் பெரும்பாலானவை எதிர்மாறாகச் சொல்லின. 2015இல் அமெரிக்காவில் பெத் ரொகௌஸ்கியும் உடனாய்வாளர்களும் ஒரே நூலைச் சிலருக்கு ஒலியாகவும் சிலருக்கு எழுத்தாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். விரும்பிய பாணியில் பெற்றவர்கள் கூடுதலாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. ஆனாலும் 2020இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, உலகெங்கும் ஏறத்தாழ 90 விழுக்காட்டு ஆசிரியர்கள் இந்தக் கோட்பாட்டை நம்புகிறார்கள்.

பல்வகை நுண்ணறிவு பற்றியும் ஒரு சொல். ஹாவர்ட் கார்ட்னர் அதை 1983இல் முன்வைத்தார். நம் கலைத்திட்ட மேம்பாட்டு மையம் 2001இல் ஆசிரியர்களுக்கு அதைப் பற்றிக் கையேடும் வெளியிட்டது. தம் கோட்பாடு வேறு, கற்றல் பாணி வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று 2013இல் கார்ட்னரே எழுத வேண்டியதாயிற்று.

இதில் வெறும் நேர இழப்போடு முடியாத தீங்கும் இருக்கிறது. ‘நீ கேட்டுக் கற்கிறவன்’ என்று ஒன்பது வயதில் முத்திரை குத்தினால், வாசிக்கத் திணறும் அந்தப் பையன் வாசிப்பையே விட்டுவிட நாமே காரணம் எடுத்துக் கொடுத்தவர்களாவோம். அவனுக்கு வேண்டியது அதிக வாசிப்புப் பயிற்சி.

நன்னூல் இரண்டும் சொன்னது

மாணவரை வகை பிரிக்கும் ஆசை நமக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டாகப் பிரித்து, தலை, இடை, கடை என மூன்று படியில் வைத்தது. பள்ளியில் தமிழ் படித்த பலருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம்.

அதே பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையும் சொல்லப்பட்டிருக்கிறது. அதை நாம் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. ஒரு பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்ல வரும் என்கிறது நன்னூல். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பேசிப் பழகினால் இன்னொரு கால். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் கைவரும் என்றும் அது கணக்குப் போடுகிறது.

கால், அரை என்ற அளவு பவணந்தியாரின் மதிப்பீடு. ஆனால் திசை சரி. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து நினைவில் வைத்திருந்தது 42 விழுக்காடு. ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் வைத்திருந்தது 56 விழுக்காடு. நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே கற்பது. எந்தப் பாணிக்காரருக்கும் இது பொது.

பாடம் என்ன கேட்கிறது?

அப்படியானால் படமும் ஒலியும் செயலும் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். எதை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது பாடப்பொருள். ல, ழ, ள வேறுபாட்டைக் காதால் கேட்காமல், நாக்கை வைத்துப் பார்க்காமல் யாராலும் கற்க முடியாது. ‘பார்த்துக் கற்பவர்’ என்று பெயர் வாங்கியவருக்கும் அங்கே குரல் பதிவுதான் வேண்டும். மலாக்காவின் மூன்று மாவட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதற்கு வரைபடம். பத்து நிமிடம் பேசினாலும் அது விளங்காது. பின்னத்துக்குத் தாளை மடித்துப் பார்ப்பது. செய்யுளுக்கு ஓசையும் பொருளும் சேர்ந்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வழி, பாடத்துக்குப் பாடம் வேறு வழி.

திரையில் பாடம் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பல்லாண்டுகளாகச் சோதித்து வருபவர் ரிச்சர்ட் மேயர். அவர் சொல்வதன் சாரம்: படத்தோடு சொல்லைச் சேர்த்தால் வெறும் சொல்லைவிட நன்றாகப் பதியும். திரையில் இருக்கும் வரிகளை ஆசிரியர் அப்படியே வாசிப்பது பெரும்பாலும் கவனத்தைச் சிதறடிக்கும். அழகுக்காகச் சேர்க்கும் ஓடும் பொம்மைகளும் பின்னணி இசையும் அப்படியே. பாடத்தைச் சிறு துண்டுகளாக்குவது நல்லது. எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை காணொலி பார்க்கப்பட்டதை 2014இல் ஆராய்ந்த பிலிப் குவோ குழு, காணொலி எவ்வளவு நீளமானாலும் பார்வையாளர் சராசரியாக 6 நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று கண்டது. அவர்கள் விரும்பிச் சேர்ந்த பெரியவர்கள். நம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடமே போதும்.

பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. முன்னறிவில் வேறுபாடு உண்டு. பார்வை, செவித்திறன், எழுத்தறிதலில் சிக்கல் உள்ளவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதைக் கண்டறியக் கற்றல் பாணிக் கேள்வித்தாள் உதவாது. பாடத்துக்கு முன் ஐந்து கேள்வி கேட்டால் போதும். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை ஆசிரியர் கையில் இருக்கிறது. குழு பிரிக்க அதுவே நல்ல அளவுகோல். அதிலும் ஒரு திறனில் பின்தங்கியவர் இன்னொன்றில் முந்துவார் என்பதால் எந்தப் பெயரும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளாது.

ஒரு வாரப் பாடம்

கருவி குறைந்த வீட்டுக்கும் பொருந்தும் ஒரு திட்டம் இப்படி இருக்கலாம். திங்கட்கிழமை புலனத்தில் ஒரு படமும் நான்கு நிமிடக் குரல் பதிவும். காணொலியைவிடத் தரவுச் செலவு மிகக் குறைவு. அப்பா இரவு வந்த பிறகும் கேட்கலாம். கருவியே இல்லாத வீட்டுக்கு அதே பாடம் தாளில். புதன்கிழமை புத்தகத்தை மூடிவிட்டுப் பதில் சொல்ல மூன்று கேள்வி. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை தம்பிக்கோ பாட்டிக்கோ பாடத்தை விளக்கி, தன் குரலில் ஒரு நிமிடம் பதிந்து அனுப்பட்டும். அடுத்த வாரம் புதுப் பாடத்தோடு பழைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி. பாணிக்கொன்றாக மூன்று பாடம் தயாரிக்கும் ஆசிரியர், அந்த நேரத்தில் இருபது பிள்ளைகளின் குரல் பதிவைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி பதில் சொல்லிவிடலாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் பள்ளி மேலாளர் வாரியங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கற்றல் பாணிப் பட்டறைக்கோ, ‘உங்கள் பிள்ளை எந்த வகை’ என்று கட்டணம் வாங்கிச் சோதிக்கும் நிகழ்ச்சிக்கோ பணம் ஒதுக்குமுன், அந்தப் பணத்தில் எத்தனை வீட்டுக்குத் தரவுக் கட்டணம் கட்டலாம், எத்தனை பாடத்தாள் அச்சிடலாம் என்று கணக்குப் பாருங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை எந்தப் பாணி என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டாம். இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லிக்கொடு என்று பிள்ளையிடம் கேளுங்கள்.