கூரையைப் பிரித்த நால்வர்: குடிநோயும் திருச்சபையின் பொறுப்பும்

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வருகின்றனர். மக்கள் நெருக்கத்தால் வாசலில் வழி கிடைக்கவில்லை. எனவே அவர்கள் வீட்டின் கூரையைப் பிரித்து, அவனைப் படுக்கையோடு கீழே இறக்குகின்றனர். இயேசு கண்ட விசுவாசத்தை நற்செய்தியாளர் தனியொருவனுடையதாகக் கூறாமல், பன்மையில் குறிப்பிடுகின்றார். தானாக எழுந்து நடக்க இயலாதவனுக்காக மற்றவர்கள் நடந்தனர். மதுவுக்கு அடிமையானோரை நம் சபைகள் எவ்வாறு நடத்துகின்றன என்று ஆராயும்போது, இப்பகுதி நம்மை வினவுகின்றது. நாம் அவர்களைச் சுமந்தோமா? அல்லது வாசலை அடைத்துநின்ற கூட்டத்தாராய் இருந்தோமா?

1. காக்கப்பட்ட ஒரு சபதம்

1998-ஆம் ஆண்டில், நான் குருத்துவப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. என் பொறுப்பிலிருந்த சிற்றூர்ச் சபையில் கொத்தனார் ஒருவர் பல ஆண்டுகளாக நாள்தோறும் காலைமுதலே குடித்துவந்தார். உபவாசக் கூடுகையொன்றில் அவரை முன்னே அழைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சபதம் செய்வித்தேன். சபையார் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். மறுநாள் அவருடைய கைகள் நடுங்கின. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூவினார். தம் மனைவியையே அடையாளங் கண்டுகொள்ளவில்லை. பொல்லாத ஆவி அவரை அலைக்கழிக்கின்றது என்று மூப்பர் சிலர் கூறினர். நானும் அதை மறுக்கவில்லை. விடியும்வரை செபித்தோம். விடிந்தபின் வாடகை வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அடக்க ஆராதனைக்குப்பின் அவருடைய மனைவி என்னிடம் கூறியது ஒன்றே: "அவர் சபதத்தை மீறவேயில்லை, ஐயா."

அவ்வம்மையார் கூறியது உண்மை. சபதத்தைக் காத்ததனாலேயே அவர் மாண்டார். செபித்தது தவறன்று; மருத்துவரை அழையாமல் செபித்ததே தவறு. அத்தவற்றை வேறெந்த ஆயரும் செய்யலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. உடலில் நிகழ்வது யாது?

மது, மூளையின் இயக்கத்தைத் தணிக்கும் பொருள். ஒருவர் நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தால், மூளை அத்தணிப்புக்கு எதிராகத் தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொண்டு சமநிலை தேடுகின்றது. குடியைத் திடீரென நிறுத்தும்போது தணிப்பு நீங்கிவிடுகின்றது. உயர்ந்த கிளர்ச்சியோ உடனே தாழ்வதில்லை. இதன் விளைவாகச் சில மணி நேரத்திற்குள் நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரக்கூடும். அதன்பின், 96 மணி நேரம் வரையில், சிலருக்குச் சித்தக் குழப்பமும் காய்ச்சலும், இல்லாதவற்றைக் காணுதலும் உண்டாகும். இந்நிலையை மருத்துவர்கள் 'டெலிரியம் டிரெமன்ஸ்' என்பர். மருத்துவம் கிடையாவிடில் இது உயிரைப் பறிக்கக்கூடியது. உரிய நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். டயசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தலும், தயமின் என்னும் உயிர்ச்சத்தை ஊசிவழிச் செலுத்துதலும் மருத்துவமனைகளில் வழக்கமான முறைகள்.

ஆகவே, நாள்தோறும் குடிப்பவரிடம் 'இன்றே நிறுத்திவிடுங்கள்' என்று கூறுமுன், 'இன்றே மருத்துவரைக் காண்போம். நானும் உடன்வருகிறேன்' என்று கூறுவது ஆயரின் கடமையாகும்.

மற்றோர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. குடிப்பவர் அறியாமல் உணவில் கலந்துகொடுக்கும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பி ஏமாறும் குடும்பங்கள் பல. டைசல்ஃபிராம் என்னும் மருந்தை உட்கொண்டவர் மது அருந்தினால், முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கும்; இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். மருத்துவரின் மேற்பார்வையில், நோயாளியின் முழு அறிவோடும் இசைவோடும் மட்டுமே அதனைக் கொடுக்கலாம்.

3. பாவமா, நோயா?

நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி குடிப்பவனுடைய நிலையை வியத்தகு நுட்பத்தோடு வருணிக்கின்றது. அடிபட்டும் உணர்வற்றவனாய், விழித்தவுடன் மீண்டும் மதுவையே தேடுகின்றான். எபேசியர் நிருபம் குடிவெறியைத் தெளிவாக விலக்குகின்றது. மறுபுறம், குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இல் அறிவித்தது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மது மற்றும் போதைப்பொருள்களால் விளையும் மனநிலைக் கோளாறுகளைத் தன் வரையறைக்குள் சேர்த்துக்கொள்கின்றது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முதற் கோப்பை ஒருவரது தெரிவாக இருக்கலாம்; அடிமைத்தனம் முற்றியபின் தெரிந்துகொள்ளும் ஆற்றலே காயமுற்றுவிடுகின்றது. நன்மையை விரும்பியும் அதனைச் செய்ய இயலாத மனிதனின் புலம்பலை ரோமர் 7-ஆம் அதிகாரத்தில் கேட்கின்றோமன்றோ? நோய் என்று கூறுவதால் பொறுப்பு அகன்றுவிடாது. நீரிழிவு வந்தமைக்காக ஒருவரைக் குற்றவாளியென்பதில்லை. ஆயினும் மருந்துண்ணும் பொறுப்பு அவருடையதே. திமிர்வாதக்காரனிடம் இயேசு பாவமன்னிப்பையும் உரைத்தார், எழுந்து நடக்கவும் கட்டளையிட்டார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை.

4. சமுதாயம் தரும் துணை

இத்துறையில் திருச்சபைக்கு ஒரு வரலாறு உண்டு. 1877-இல் ஜெனீவாவில் லூயி லூசியன் ரோஷா என்னும் போதகர், குடிப்பழக்கத்தால் சீரழிந்தோருக்காக 'நீலச் சிலுவை' இயக்கத்தைத் தொடங்கினார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்கு வணிகரும், பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளிகள். தன்னைப்போல் துன்புற்ற மற்றொருவரோடு பேசுவதே தன்னைக் காக்கின்றது என்று அவர்கள் கண்டனர். அதிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கம். பாவ அறிக்கை, பிறருக்கிழைத்த தீங்கை ஈடுசெய்தல் முதலியவற்றை அவர்கள் ஃபிராங்க் புக்மன் என்னும் லுத்தரன் போதகர் தோற்றுவித்த ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரிடம் கற்றனர். இவ்வியக்கம் கட்டணம் பெறுவதில்லை, சமயம் கேட்பதில்லை, பெயரை வெளியிடுவதில்லை. குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென 'அல்-அனான்' குழுக்கள் 1951-இல் உருவாயின. இவ்விரு இயக்கத்தாரும் தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடத்துகின்றனர்.

சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவினார். கணவரைக் குடிக்கு இழந்த ஒருவரின் துயரத்திலிருந்து எழுந்த பணி இது. இந்நிறுவனம் 1989 முதல் மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம்களை நடத்தியது. மருத்துவக் குழுவினர் ஊருக்கே வந்து தங்கினர். இடமும் உணவும் துணையும் தந்து ஊரார் தாங்கினர். சிகிச்சை முடிந்தவர் திரும்பிச் செல்லும் ஊர், அவரை அறிந்து ஏற்கும் ஊராக ஆயத்தப்படுத்தப்பட்டமையே இம்முறையின் சிறப்பு.

எனினும் தேவை மிகப் பெரிது. 2019-இல் வெளியான தேசிய ஆய்வறிக்கையின்படி, குடியால் விளைந்த சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை உண்டு. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். இவற்றை நம் சபையாருள் எத்தனை பேர் அறிவர்?

மதுவிலக்கு வேண்டும் என்று நாம் குரல்கொடுப்பது முறையே. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, பின்னர்ப் பலமுறை தளர்ந்தும் இறுகியும் வந்துள்ளதை அறிவோம். ஆனால் சட்டம் கடையை மூடலாம். நடுங்கும் கையைப் பற்றிக்கொள்ள அதனால் இயலாது. அதற்கு அயலார் வேண்டும்.

5. திருச்சபை செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு குடிநோயாளருக்கும் நால்வரைக் கண்டறிவோம். ஒருவர் மருத்துவமனைக்கு உடன்செல்லட்டும். ஒருவர் வீட்டின் அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் வழிகாணட்டும். ஒருவர் அவருடைய வேலை பறிபோகாமற் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் கூலி கைக்கு வரும் சனிக்கிழமை மாலையில் அவரோடிருக்கட்டும்.

இரண்டாவது, ஆலய வளாகத்தில் ஓர் அறையை இத்தகைய குழுக்களுக்குத் திறந்துவிடுவோம். அங்கே பேசப்படுவது அங்கேயே தங்கவேண்டும். மூன்று வாரம் குடியாதிருந்தவரை மேடையேற்றிச் சாட்சி கூறச் செய்தல் அவருக்குத் தீங்காகும்.

மூன்றாவது, திருவிருந்தில் புளிக்காத திராட்சைச் சாற்றை வழங்குவோம். 1869-இல் தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்ட் சபையார் சாற்றைப் புளிக்காமற் காக்கும் முறையைத் திருவிருந்துக்கென்றே கண்டார். மீண்டுவந்த சகோதரர் அஞ்சாமல் அணுகத்தக்க பந்தியாக அது இருக்கவேண்டும்.

நான்காவது, தடுத்தலே தலையாய மருத்துவம். கான்கிரீட் போடும் நாளிலும், திருமண வீட்டிலும், துக்க வீட்டிலும் மது வாங்கிக்கொடுக்கும் வழக்கத்தை நம் குடும்பங்கள் கைவிடவேண்டும். திடப்படுத்தல் வகுப்பில் இதனைப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டும்.

ஐந்தாவது, மீண்டும் விழுந்தவரை மாயக்காரர் என்று தள்ளாதிருப்போம். திரும்பத் திரும்ப வருதல் இந்நோயின் இயல்பு.

பிற்காலத்தில் வேறொரு சபையில் ஓட்டுநர் ஒருவரை நாங்கள் இவ்வாறு சுமந்தோம். சிகிச்சைக்குப்பின் இருமுறை விழுந்தார். மூப்பருள் சிலர் சலித்தனர். மூன்றாம் முறையும் மருத்துவமனைக்குச் சென்றோம். அந்நாள்களில் அவருடைய மனைவிக்குத் துணையாக வந்து தங்கியவர், அந்தக் கொத்தனாரின் மனைவியார். நான் அவரை அழைக்கவில்லை. செய்தி கேட்டுத் தாமாகவே வந்தார். ஓட்டுநர் இன்று ஒன்பது ஆண்டுகளாகக் குடியாதிருக்கின்றார்.

கூரையைப் பிரித்தால் வீட்டுக்காரர் முணுமுணுக்கலாம். ஆராதனை ஒழுங்கு சற்றுக் குலையலாம். கூரையைப் பின்னர் வேய்ந்துகொள்ளலாம். கீழே இறக்கப்படவேண்டியவர் அதுவரை காத்திரார். ஆதலால் உடன் ஊழியரே, இவ்வாரமே உங்கள் சபையில் நால்வரைத் தேடுவீர்களாக.