நடுவுநிலைமை: ஒரு பழஞ்சொல்லும் இணைய வழக்கும்

முன்னுரை

பழஞ்சொல் புதுப்பொருள் ஏற்று வழங்குதல் மொழியின் இயல்பு. புதுப்பொருள் ஒன்றற்கு இரு சொற்கள் ஒரே காலத்தில் தோன்றி வழங்குமாயின், அவற்றுள் எதனைக் கொள்வது என்பது சொல்லாக்கச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கொண்ட சொல்லே பொருளை விளங்கிக்கொள்ளும் வழியையும் வகுத்துவிடுகின்றது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2018 வரை இந்தியாவில் நிகழ்ந்த பொதுவிவாதம் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும். இணையத்தை வழங்கும் நிறுவனங்கள் தம் வழியே செல்லும் செய்திகளுக்குள் வேறுபாடு காட்டலாமா என்பதே அவ்விவாதத்தின் பொருள். அமெரிக்கச் சட்ட அறிஞர் டிம் வூ 2003இல் எழுதிய கட்டுரையில் இக்கொள்கைக்கு ஆங்கிலப் பெயர் இட்டார். தமிழ் இதழ்கள் அதனை இணையச் சமநிலை என்றும் இணைய நடுநிலை என்றும் வழங்கின. இவ்விரண்டனுள் எது பொருந்தும், அப்பொருத்தம் விவாதத்தின் உட்பொருளை எவ்வாறு விளக்கும் என்பனவற்றைத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கையோடு வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாராய்ச்சி

சமநிலை என்பது ஒப்பிடப்படும் பொருள்களின் தன்மையைக் குறிக்கும். இரு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்பின் அது சமநிலை. நடுவு என்பதோ முதற்கண் இடத்தைக் குறித்தது. தொல்காப்பியம் பாலையை நடுவுநிலைத்திணை எனச் சுட்டுமிடத்து இப்பொருளே காணப்படுகின்றது. திருக்குறளில் அச்சொல் ஒழுக்கத்தின் பெயராக உயர்ந்துள்ளது. பன்னிரண்டாம் அதிகாரம் முழுவதும் நடுவுநிலைமைக்கு உரியது. அவ்வதிகாரத்தில் துலாக்கோல் உவமையாக வருவதைத் தமிழறிந்தார் யாவரும் அறிவர். அங்கே தட்டுகளின் மட்டம் புகழப்படவில்லை. தன்மேல் வைத்த பொருள் எப்பக்கத்தது என்று கருதாமல் எடையை உள்ளவாறு காட்டும் கோலின் இயல்பே புகழப்படுகின்றது. ஆதலின் நடுவுநிலைமை பொருள்களின் பண்பன்று. அவற்றை அளப்பவனது பண்பு.

இவ்வதிகாரம் அமைந்துள்ள இடமும் கருதத்தக்கது. அரசனுக்குரிய செங்கோன்மை பொருட்பாலில் அமைய, நடுவுநிலைமை அறத்துப்பாலின் இல்லறவியலில் அமைந்துள்ளது. அதன் இறுதிக் குறள் வணிகரை நோக்கிப் பேசுவது; பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகத்திற்கு அழகு என்னும் கருத்தினது. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரும் தம் சரக்கையும் பிறர் சரக்கையும் ஒரே கண்ணாற் பார்த்தவர்கள். எனவே இவ்வறம் ஆள்வோர்க்கு மட்டும் உரியதன்று, வாணிகத்தில் இடைநிற்பார்க்கும் உரியது என்பது பழந்தமிழர் துணிபு.

பரிமேலழகர் இவ்வதிகாரத்திற்குத் தரும் விளக்கம் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும். பகை, நொதுமல், நட்பு என மக்களை மூவகைப்படுத்தி, அம்மூவகையாரிடத்தும் அறத்தினின்று வழுவாமல் ஒருதன்மையாக நிற்றலே நடுவுநிலைமை என்கின்றார் அவர். நொதுமலர் என்பார் பகையும் நட்பும் அல்லாத அயலார். இந்திய விவாதத்தின் வரலாறு இம்மூன்று தலைப்பின்கீழும் வியத்தகு முறையில் அடங்குகின்றது.

வாய்க்கால் என்னும் உவமை

அதற்குமுன் இணையம் இயங்கும் முறையைச் சிறிது காண்போம். நாம் அனுப்பும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியும் சேருமிட முகவரியைத் தாங்கிச் செல்லும். இடையிலுள்ள கருவிகள் முகவரியைப் பார்த்து அதனை மேற்செலுத்துகின்றன. பொதி பாட்டைத் தாங்கியதா, பாடத்தைத் தாங்கியதா என்று அவை பார்க்க வேண்டுவதில்லை. ஆயின் பார்ப்பதற்கும், பார்த்து விரைவுபடுத்தவோ தடுக்கவோ விலை கூட்டவோ செய்வதற்கும் உரிய நுட்பம் இன்று வழங்குநரிடம் உண்டு. சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது.

தேனி மாவட்டத்து மாணவர்க்கு இதனை விளக்க நீர்ப்பாசனத்தைவிட ஏற்ற உவமை இல்லை. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே இறங்கி, கூடலூரை அடுத்த லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை வளப்படுத்துகின்றது. நீரின் அளவுக்கும் முறைக்கும் விதி உண்டு. விளைச்சலை எந்தக் கடைக்கு விற்பாய் என்று மட்டும் மதகு கேட்பதில்லை. மடை திறப்பவர் ஒருவர், 'என் உறவினர் மண்டிக்கு விற்பதானால் நீர் இலவசம். பிறர்க்கு விற்பதானால் கட்டணம்' என்று கூறுவாராயின், உழவர்க்கு நீர் கிடைத்தும் நிலத்தின்மேல் உள்ள உரிமை பாதி போய்விடும். அளவுக்கேற்ற விலை வேறு, போக்குக்கேற்ற விலை வேறு. முன்னது வாணிகம், பின்னது கோல் சாய்தல்.

பகை

வழங்குநர்க்குப் போட்டியாக நிற்கும் சேவைகளை முதல்வகையில் அடக்கலாம். 2014 டிசம்பர் இறுதியில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக்கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. அத்தகைய அழைப்புகள் அந்நிறுவனத்தின் தொலைபேசி வருவாயைக் குறைப்பன என்பது வெளிப்படை. எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அவ்வறிவிப்பு கைவிடப்பட்டது.

இதன் கருத்து கம்பம் பள்ளத்தாக்கில் நன்கு விளங்கும். இங்கிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியே மலையேறினால் கேரளத்து இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்ட வேலைக்காக நாள்தோறும் எல்லை கடப்போர் பலர். தொலைத்தொடர்புக் கணக்கில் மலைக்கு அப்பால் வேறு வட்டம். அக்காலத்தில் வட்டம் மாறினால் அழைப்புக்கு மிகைக்கட்டணமும் உண்டு. மலைமேல் இருப்பவர் அடிவாரத்து வீட்டாரோடு பேசுவதற்கு இணைய அழைப்பு மலிவான வழியாயிற்று. அதற்குத் தனிவிலை வைப்பது, தன் கடையில் வாங்காதவனிடம் சாலைக்கு வரி கேட்பதை ஒக்கும்.

நட்பு

இரண்டாம் வகை தோழமை கொண்ட சேவைகளுக்குச் சலுகை காட்டுதல். பேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 2015 பிப்ரவரியில் இன்டர்நெட்.ஆர்க் என்னும் திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. தெரிந்தெடுத்த சில தளங்களை மட்டும் கட்டணமின்றிப் பார்க்கலாம். எஞ்சிய இணையத்திற்குப் பணம் செலுத்த வேண்டும். முதற்கண் திட்டம் புகுந்த பகுதிகளுள் தமிழ்நாடும் ஒன்று. திட்டத்தின் மொழிகளுள் தமிழும் ஒன்று. எனவே தமிழ்நாட்டு வட்டத்துள் அடங்கிய தேனியும் இவ்விவாதத்திற்கு வெளியே நின்ற ஊரன்று. அதே ஆண்டு ஏப்ரலில் ஏர்டெல் நிறுவனம், தளத்தை நடத்துவோரே பயனாளரின் தரவுச் செலவை ஏற்கும் திட்டமொன்றை அறிவித்தது. அதிற் சேரப் பேசிவந்த பிளிப்கார்ட் எதிர்ப்பைக் கண்டு விலகியது. கிளியர்டிரிப் நிறுவனம் இன்டர்நெட்.ஆர்க்கினின்று விலகியது.

இதற்கிடையே இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச் 27 அன்று கலந்தாய்வுத் தாள் ஒன்றை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. இணையத்தின் கட்டின்மையைக் காக்க வேண்டிப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்மடல்கள் ஆணையத்திற்குச் சென்றன. ஒழுங்குமுறைத் தாள் ஒன்றற்குப் பொதுமக்கள் இத்துணைப் பெருந்தொகையாக விடையிறுத்தது புதுமையே ஆகும்.

நொதுமல்

பகைவர்க்குக் குரல் உண்டு. நண்பர்க்குச் சலுகை உண்டு. நொதுமலரைப் பற்றிப் பேசுவார் அரியர். தமிழ் ஆராய்ச்சியாளர் இவ்விவாதத்தைத் தமதாகக் கருத வேண்டிய காரணம் இவ்விடத்தில்தான் உள்ளது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி யாவர்க்கும் இலவசமாக வழங்குவது. தன்னார்வலர் உழைப்பால் நடப்பது. 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்து வைப்பது. இவற்றுக்கு எந்த நிறுவனத்தோடும் பகையில்லை. எவரோடும் வாணிக நட்பும் இல்லை. சலுகைப் பட்டியலிற் சேர விலை கொடுக்கப் பொருளும் இல்லை. வழங்குநர் இவற்றைத் தடுக்க வேண்டுவதில்லை. வேறு சிலவற்றை இலவசமாக்கினாலே போதும், இவை ஒப்புநோக்கில் விலையேறியவை ஆகிவிடும். உத்தமபாளையத்தில் பயிலும் மாணவர் ஒருவர் புறநானூற்றுப் பாடலொன்றைத் தேட முற்படும்போது, கேளிக்கைத் தளம் இலவசம், இலக்கியத் தளம் கட்டணம் என்னும் நிலை இருக்குமாயின், அவர் எப்பக்கம் செல்வார் என்பதைக் கூற வேண்டுவதில்லை. பெரிய மொழிகளின் தளங்கள் பொருள் கொடுத்து இடம் பெறும். சிறிய முயற்சிகளால் வாழும் மொழிகளின் இணைய வளர்ச்சி, அயலாரிடத்தும் ஒருதன்மையாக நிற்கும் வழங்குநரையே நம்பியுள்ளது.

எதிர்வாதமும் விடையும்

மறுதரப்பாரின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் கடன். பசித்தவனுக்கு முழு விருந்து இல்லையெனினும் ஒருபிடி சோறு கொடுத்தல் தவறாகுமா என்று அவர்கள் வினவினர். இணையத்தையே அறியாத ஏழை எளியவர்க்குச் சில தளங்களாவது இலவசமாகக் கிடைப்பது நன்றல்லவா என்றனர். பிரீ பேசிக்ஸ் எனப் பெயர் மாறிய அத்திட்டத்திற்காக 2015 டிசம்பரில் பெரும் விளம்பரங்களும் வெளியாயின. இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. மலையடிவாரக் குடியிருப்புகளில் வறுமை உண்மை. தரவுக் கட்டணம் சுமை என்பதும் உண்மை.

சமநிலை என்னும் சொல்லைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. 'இப்பொழுதே சமநிலை இல்லையே. இல்லாததை எவ்வாறு காப்பது' என்று வினவுவார் வாய் அடங்காது. நடுவுநிலைமை என்று கொள்ளின் விடை தெளிவாகும். ஏழைக்கு இலவசமாக வழங்குக. நூறு அலகு தரவை இலவசமாகக் கொடுத்து, எத்தளத்திற்குச் செல்வது என்பதை அவர் முடிவுக்கு விடுக. கொடுப்பவன் போக்கையும் தானே முடிவுசெய்வதுதான் குற்றம்.

2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் பிறப்பித்த ஒழுங்குமுறை இந்நிலையையே மேற்கொண்டது. உள்ளடக்கத்தை நோக்கிக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுதல் தடைசெய்யப்பட்டது. மீறுவோர்க்கு நாளொன்றுக்கு 50,000 ரூபாய், மிகுந்த அளவாக 50 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடம் செய்யப்பட்டது. நெருக்கடிக் காலத்துச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. மக்களுள் பெரும்பாலோர் இன்னும் இணையத்திற்கு வராத நாட்டில், அவர்கள் காணப்போகும் இணையம் எத்தன்மையது என்பதை வடிவமைக்கும் உரிமையை வழங்குநரிடம் விடலாகாது என்பது ஆணையம் காட்டிய காரணங்களுள் ஒன்று. ஏழையின் பெயரால் எழுந்த வாதம் ஏழையின் பொருட்டே மறுக்கப்பட்டமை கருதத்தக்கது. சில நாள்களில் பேஸ்புக் அத்திட்டத்தை இந்தியாவில் நிறுத்திக்கொண்டது. விரைவு குறைத்தல், தடுத்தல், முன்னுரிமை தருதல் ஆகியவற்றையும் விலக்கும் பரிந்துரைகள் 2017 நவம்பர் 28 அன்று வெளியாயின. அவற்றை நடுவணரசு 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சந்தைக்கு வந்தபின் எழுந்த போட்டியால் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தது. எளியவர் பலர் இணையத்தை அடைந்தது இவ்விலை வீழ்ச்சியால். வேலியிட்ட இலவசத்தால் அன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இருவகை முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது சொல்லைப் பற்றியது. வழங்குநர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதே இக்கொள்கையின் கரு ஆதலின், இணைய நடுவுநிலைமை என்னும் வழக்கே ஏற்புடையது. சமநிலை என்பது பயனாளர் எல்லாரும் ஒரே நிலையை எய்திவிட்டனர் என்னும் மயக்கத்திற்கு இடந்தரும்.

இரண்டாவது, நடுவுநிலைமையின் எல்லையைப் பற்றியது. மதகு ஒருதலையாகச் சாயாதிருப்பினும் கடைமடைக்கு நீர் தானே சென்றுவிடாது. வாய்க்கால் வெட்டியாதல் வேண்டும். கோபுரம் எட்டாத மலைக்குடியிருப்புக்கு நடுவுநிலைமை மட்டும் இணையத்தைத் தாராது. தமிழ்நாட்டு அரசு 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் நோக்குடன் தொடங்கிய திட்டம் இத்தேவை பற்றியது. இரண்டும் வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்குதல் பொருந்தாது.

விவாதம் முற்றும் ஓய்ந்துவிட்டது எனவும் கொள்ளுதற்கில்லை. 2023இல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், மிகுதியான தரவை ஏற்படுத்தும் பெருந்தளங்கள் தமக்குப் பங்கு தருதல் வேண்டும் எனக் கோரின. அமெரிக்காவில் 2015இல் வகுக்கப்பட்ட விதிகள் 2017இல் நீக்கப்பட்டு, 2024இல் மீண்டும் கொணரப்பட்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தால் தள்ளப்பட்டன. சட்டம் கோலைத் தாங்கும் கையைப் பொறுத்தது. கை மாறினால் கோலும் சாயக்கூடும். பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்றனுள் நொதுமலர் பக்கம் நிற்பவை நம் மின்னூலகங்கள். அவற்றின்பொருட்டு, அடுத்த கலந்தாய்வுத் தாள் வெளிவரும்பொழுது தமிழ்த்துறைகளும் தம் கருத்தை எழுதி அனுப்புதல் கடமையாகும்.