காரை மேடு எத்தனை மீட்டர்?

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை மேடுகளைப் பார்த்துவிட்டு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். போனில் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களைக் கணினியில் கொடுத்து முப்பரிமாண மாதிரி ஆக்கினாராம். பார்க்க அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் மழை அரித்த ஓர் ஓடையின் ஆழத்தை அளந்தால் 0.37 என்று வருகிறது. இது மீட்டரா, அடியா?

இரண்டும் இல்லை. படங்களிலிருந்து மென்பொருளுக்குக் கிடைப்பவை கோணங்கள் மட்டுமே. கோணம் வடிவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் திருவாரூர் ஆழித்தேரும் கொலுவில் வைக்கும் மரத்தேரும் அடுத்தடுத்து இருந்தன. பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால் எது பெரியது என்று சொல்ல முடியாது. மென்பொருளின் நிலைமையும் அதுதான். மாதிரியை உண்மையான நிலத்தோடு பொருத்த அதற்கு ஏழு எண்கள் தெரியவேண்டும்: பெரிதாக்கவோ சிறிதாக்கவோ ஒன்று, திருப்ப மூன்று, நகர்த்த மூன்று.

அளவுக்கு, படத்தில் விழும்படி தூரம் தெரிந்த இரண்டு குறிகளை வைத்தால் போதும். ஆனால் அந்தத் தூரம் நீளமாக இருக்கவேண்டும். நிலவியலாளர்கள் வழக்கமாக வைக்கும் சுத்தியலை நம்பி 30 செ.மீ.-இல் 3 மி.மீ. பிசகினால், 30 மீட்டர் மேட்டில் அது 30 செ.மீ. ஆகிவிடும். ஒரு மழைக்காலத்து அரிப்பே அதற்குள் மறைந்துபோகலாம். போன் படத்தோடு பதியும் ஜிபிஎஸ் இடமோ சில மீட்டர் தவறும். சின்ன ஓடைக்கு அது உதவாது.

திசையும் முக்கியம். இங்குள்ள கடலடிப் படிவுகள் மெல்லச் சாய்ந்தவை. மாதிரி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் சாய்ந்த அடுக்கு கிடைமட்டமாகத் தெரியும்.

திசை, இடம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையைத் தரையில் ஆணியடித்து, நடு முனையில் துல்லிய ஜிபிஎஸ் கோலை நிறுத்தி அளக்கவேண்டும். குறைந்தது மூன்று வேண்டும். ஓடையின் போக்கிலேயே மூன்றையும் ஒரே கோட்டில் வைத்தால், மாதிரி அந்தக் கோட்டை அச்சாகக் கொண்டு எந்தப் பக்கமும் புரளும். கரைமேல், பள்ளத்தில் என்று பரப்பி வைக்கவேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்த விஷயம் உயரம். செயற்கைக்கோள் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமிக்கென்று கணிதத்தில் வகுத்த, துருவங்களில் சற்றே தட்டையான ஒரு கோளத்திலிருந்து. உண்மையான கடல் மட்டமோ, அடியிலுள்ள பொருளின் ஈர்ப்புக்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், அந்தக் கோளத்துக்கு ஏறக்குறைய 106 மீட்டர் கீழே! அதன் விளிம்பில்தான் தமிழ்நாடு உட்கார்ந்திருக்கிறது. மெரினா மணலில் கருவியை நிறுத்தினால் மூல உயரம் ஏறக்குறைய 80 மீட்டர் கழித்தலில் நிற்கும். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. காரையிலும் இந்த வித்தியாசத்தைத் திருத்தாமல் நிலப்படத்தோடு பொருத்தினால் மேடு முழுவதும் பூமிக்குள் போய்விடும். நம் ஊர்ப் பாடநூல்களில் இதற்கு ஒரு பக்கமாவது வேண்டாமா?

இவ்வளவு கவனமாக அளக்கக் காரணம் உண்டு. 1862-இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இப்பகுதிப் பாறைகளை உத்தத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்த மண்ணிலிருந்து அம்மோனைட்டுப் புதைபடிவங்களை, வருபவர்கள் பையில் அள்ளிப்போகிறார்கள். மழையும் தன் பங்குக்குக் கரைக்கிறது. டிரோன் காணொளிகளுக்குக் குறைவில்லை. அளக்கத்தக்க பதிவுதான் அரிது. அளந்ததாகச் சொல்பவர்களிலும் பலர், மாதிரியைப் பொருத்திய அதே புள்ளிகளிலேயே பிழையைக் கணக்கிட்டுத் திருப்தியடைகிறார்கள். அது தன் விடைத்தாளைத் தானே திருத்துவது. சில புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி, அவற்றில் சோதிக்கவேண்டும்.

மாணவருக்கு இன்னொன்று. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. பத்தாண்டு கழித்து அதே ஓடையை அளந்து ஒப்பிடுபவருக்கு அரை மீட்டர் விலகல் தெரியும். ஆகவே கோப்போடு அளந்த தேதி, ஆயங்களின் அடிப்படை, உயரம் எதிலிருந்து என்பது, சோதனைப் புள்ளிகளில் வந்த பிழை, இவ்வளவையும் எழுதி வையுங்கள்.