உங்களுக்குத் தெரியுமா? கடிகாரத்தின் முதுகில் பிறந்த ஆண்டு!

புதுக்கோட்டை மாவட்டம் கடியாபட்டி, ராயவரம் பக்கத்து நகரத்தார் வீடுகளில், பட்டாலைச் சுவரில் சாவி கொடுக்கும் பழைய பெண்டுலக் கடிகாரத்தைக் கண்டால் டயலை உற்றுப் பாருங்கள். எட்டுமுனை நட்சத்திரமும் அதற்குள் ‘ஜே’ எழுத்தும் இருந்தால், அது ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் ஊரில் 1861-இல் தொடங்கிய யுங்ஹான்ஸ் தயாரிப்பு. இந்த முத்திரை பதிவானது 1890-இல். கடிகாரம் அதற்கு முந்தையதாக இருக்காது.

சரியான வயது வேண்டுமா? பெட்டியிலிருந்து இயந்திரத்தைக் கழற்றிப் பித்தளைப் பின்தகட்டைப் பார்க்க வேண்டும். பலவற்றில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் குத்தியிருக்கும். ‘பி 12’ என்றால் 1912-இன் பிற்பாதி. ‘ஏ 12’ என்றால் முற்பாதி. எவ்வளவு அழகான ஏற்பாடு! துடைத்துப் பளபளப்பாக்கும்போது அந்தச் சின்ன எழுத்தை மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.