மிஞ்சிப்போன பிரட்டை வீசாதீங்க! இட்லி கொப்பரையிலேயே செய்யலாம் ஏத்தன்பழ புட்டிங்

நெல்லை:

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் பல வீடுகளில் பிரட் பாக்கெட் எட்டிப்பார்க்கும். காய்ச்சல் விட்டதும் பாதி பாக்கெட் சீந்த ஆளில்லாமல் கிடக்கும். ரெண்டு நாளில் காய்ந்து போக, "காசு வீணாப்போச்சே" என்று குப்பையில் போடுவார்கள்.

அந்த காய்ந்த பிரட்டில்தான் புட்டிங் நன்றாக வரும். இங்கிலாந்தில் மிச்ச ரொட்டியை வீணாக்க மனசில்லாத ஏழை எளியவர்கள் வீட்டில் பிறந்த பலகாரம் இது. புது பிரட் பாலில் போட்டதும் கூழாகிவிடும். காய்ந்த பிரட்டோ பாலை நன்றாக உறிஞ்சியும் உருக்குலையாமல் நிற்கும்.

ஓவன் வேண்டாம். இட்லி கொப்பரை போதும். பழத்துக்கும் அலைய வேண்டியதில்லை. களக்காடு பக்கம் விளையும் ஏத்தன் இருக்கவே இருக்கிறது. தோல் கறுத்து நன்றாக கனிந்த பழம் என்றால் இனிப்பு தூக்கலாக இருக்கும்.

தேவையானவை

பிரட் 6 துண்டு, பால் 2 டம்ளர் (400 மில்லி), முட்டை 3, சீனி அரை டம்ளர், ஏத்தன்பழம் 2, நெய் 2 ஸ்பூன், ஏலக்காய் 3.

செய்முறை

பாலை காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடவும். கொதிக்கிற பாலில் முட்டையை ஊற்றினால் திரிந்துவிடும். முட்டை, சீனி, தட்டிய ஏலக்காயை நன்றாக அடித்து பாலில் கலக்கவும். பிரட்டை பிய்த்துப்போட்டு 15 நிமிடம் ஊற விடவும்.

பழத்தை நறுக்கி நெய்யில் வதக்கி சேர்க்கவும். நெய் தடவிய பாத்திரத்தில் முக்கால் அளவுக்கு ஊற்றி, ஆவித்தண்ணீர் சொட்டாதபடி தட்டு போட்டு மூடி கொப்பரைக்குள் வைக்கவும். சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம் வேக வேண்டும். ஈர்க்குச்சியை குத்தினால் ஒட்டாமல் வரணும். அவசரப்பட்டு தீயை கூட்டினால் புட்டிங் ஓட்டை ஓட்டையாகி தண்ணீர் விட்டுவிடும்.

சீனிக்கு பதில் கருப்பட்டியும் போடலாம். பாகை வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே பாலில் கலக்கணும். சூடாக ஊற்றினால் பால் திரியலாம். அன்னாசியை பச்சையாக போட்டாலும் இதே கதைதான். வேகவைத்து சேர்த்தால் பிரச்சினை இல்லை.

முட்டை சாப்பிடாதவர்கள் 2 ஸ்பூன் கஸ்டர்டு பவுடரை கொஞ்சம் ஆறிய பாலில் கரைத்து, மீதி கொதிக்கும் பாலில் ஊற்றி கெட்டியானதும் பிரட், பழத்தின் மேல் ஊற்றி ஆறவைத்தால் போதும்.

பூஞ்சை வந்தால் தொடாதீங்க

காய்ந்த பிரட் வேறு, கெட்ட பிரட் வேறு. ஒரு துண்டில் பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தாலும் பாக்கெட்டையே தூக்கிப்போட வேண்டும். அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு பயன்படுத்துவது ஆபத்து. பிரட் மெத்தென்று இருப்பதால் கண்ணுக்கு தெரியாமல் உள்ளே பூஞ்சை இழை ஓடியிருக்கும். சில பூஞ்சைகளின் விஷம் வேகவைத்தாலும் போகாது. பிள்ளைகள் சாப்பிடும் பண்டத்தில் இந்த சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

பிரட்டை பிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும். ஆனால் சீக்கிரம் விறைத்துவிடும். புட்டிங் செய்ய அது ஒரு குறையே இல்லை.

செய்த புட்டிங்கை அன்றைக்கே காலி செய்வது நல்லது. பால், முட்டை சேர்ந்த பண்டம் என்பதால் வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.