பேட்டரியில் சமைக்க வேண்டாம்

ஹைதராபாத்திலிருந்து கேரவனில் அனந்தகிரி மலைக்கோ நாகார்ஜுனசாகர் பக்கமோ போய் இரவு தங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை பேட்டரி வேண்டும் என்பதைத்தான். அந்தப் பேட்டரியிடம் என்னென்ன வேலை வாங்கப்போகிறோம் என்பதை அதற்கும் முன்னால் தீர்மானித்துவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 1.8 யூனிட். ஈய அமிலப் பேட்டரியை அடிக்கடி பாதிக்கும் கீழே இறங்கவிட்டால் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 0.9 யூனிட்தான். 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி இரவில் 8 மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட் ஆகாது. விளக்குகளும் கைப்பேசிகளும் அதைவிடக் குறைவு. ஆனால் 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தால் அரை மணி நேரத்தில் கணக்கு தீர்ந்தது. உண்மையில் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும்: நிதானமாகப் பல மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் கொள்ளளவைத்தான் பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பார்கள், 150 ஆம்பியருக்கு மேல் ஒரேயடியாக இழுத்தால் அது கிடைக்காது. ஜெர்மானியரான பாய்க்கெர்ட் 1897-லேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார்.

வெப்பம் உண்டாக்கும் எதையும் பேட்டரியில் மாட்டக்கூடாது என்பதே என் வாதம். ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 12.7 யூனிட் வெப்பம் இருக்கிறது. பாதிவரை மட்டும் இறக்கினால், அதைத் தர அந்த டியூபுலர் பேட்டரிகள் ஏறத்தாழ பதினான்கு வேண்டும். ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். அடுப்பில் பாதி வெப்பம் வீணானாலும் இந்த இடைவெளி அடைபடாது. வண்டிக்குள் சிலிண்டர் ஆபத்தல்லவா என்று கேட்பது நியாயமே. கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மூடிய இடத்தில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் சேரலாம். அதனால்தான் அடுப்பை வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில் மூட்ட வேண்டும்.

லித்தியம் பேட்டரி வாங்கினால் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்பார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, எண்பது விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தலாம், வேகமாக இழுத்தாலும் தாங்கும். பணம் இருந்தால் அதையே வாங்கலாம். ஆனால் 100 ஆம்பியர்-மணி லித்தியமும் 1.28 யூனிட்தான், அடுப்புக்கு அதுவும் ஒரு வேளைச் சமையல். தெலங்கானாவின் மே மாத வெயில் வேறு இருக்கிறது. வெளியே 40 டிகிரி என்றால் பூட்டிய வண்டிக்குள் இன்னும் அதிகம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்; லித்தியத்தையோ 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள் என்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள்.

கூரையில் சோலார் பலகை போட்டால்? 400 வாட் பலகை நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாமல் தரும். ஆனால் பேட்டரிக்கு நிழல் வேண்டும், பலகைக்கு வெயில் வேண்டும். அனந்தகிரிக் காட்டில் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பலகையின் உற்பத்தி பெரிதும் சரியும். எனவே வண்டியை மரத்தடியில் நிறுத்தி, மடக்குப் பலகையைத் தடித்த வயரோடு வெயிலில் விரிப்பதே சரி. ஏசி மட்டும் இதற்குள் அடங்காது. ஒரு டன் ஏசி ஓரிரவில் நாலைந்து யூனிட் கேட்கும். அது இல்லாமல் தூக்கம் வராதவர்கள், மின் இணைப்பு உள்ள இடம் பார்த்தே வண்டியை நிறுத்த வேண்டும்.